மூன்று பேனா வேலை

சொக் சாங் நகரத்து இறால் ஆலைக்குத் துயென் ஆறு வாரப் பயிற்சிக்குப் போனாள். குமட்டலை அடக்குவதுதான் அங்கே கற்றுக்கொண்ட முதல் பாடம். கெட்டுத் தலை கறுத்துப்போன இறால் கூடைகூடையாகக் குளிர்பதன அறைக்குள் போகும். அவள் மூக்கைப் பிடித்தால் மேற்பார்வை பார்க்கும் லோவன் அக்காவுக்குச் சிரிப்பு வரும்.

கல்லூரியில் உணவுத் தொழில்நுட்பம், மூன்றாம் ஆண்டு. அடுத்துப் பரிசோதனைப் பிரிவா, விற்பனைப் பிரிவா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பரிசோதனை வேலையைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான் வந்திருந்தாள். ஐந்து வாரமாக அவள் பார்த்தது அக்காவுக்கு வாங்கிவரும் ஐஸ் காபியையும் நகலெடுக்கும் இயந்திரத்தையும்தான். கடைசி வாரம் லோவன் ஒரு கட்டுத் தாளை மேசையில் போட்டாள்.

“குளிர்பதன ரூமோட போன மாச வெப்பநிலைத் தாளு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுதியிருக்கணும். எல்லாம் காலியா கெடக்கு. இன்னைக்கே முடிச்சிரு தங்கச்சி.”

“போன மாசம் எவ்வளவு இருந்துச்சுன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?”

“எனக்கு மட்டும் தெரியுமா? பதினெட்டு, பத்தொன்பதுன்னு மாத்தி மாத்திப் போடு. முன்னால மைனஸ் போட மறந்துராத, இறால் வெந்துரும்.” மூன்று பேனாவை நீட்டினாள். “ஒரே பேனால எழுதுனா ஆய்வுக்கு வர்றவன் கண்டுபிடிச்சிருவான்.”

துயென் எழுதினாள். மறுத்தால் பயிற்சி அறிக்கையில் ஆலையின் சிவப்பு முத்திரை விழாது. முத்திரை இல்லையென்றால் அரை ஆண்டைத் திரும்பப் படிக்க வேண்டும். சாயங்காலம் லோவன் புரட்டிப் பார்த்து, “அச்சு அசலா இருக்கு. நீ பரிசோதனைக்கே பொறந்தவ,” என்றாள். துயெனுக்குத் தன் விரல்களைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

கடைசி நாள், ஆலை நிரப்ப வேண்டிய மதிப்பீட்டுத் தாளைத் துயென் நீட்டியதும் லோவன் அலுத்துக்கொண்டாள். “உன்னப் பத்தி நீயே எழுதிக்க. எல்லாரும் அப்படித்தான். நான் முத்திரை குத்துறேன்.”

துயென் எழுதினாள். ‘ஒரு மாத வெப்பநிலையை ஒரே நாளில், மூன்று பேனாவால், குளிர்பதன அறையை எட்டிப் பார்க்காமலே எழுத இம்மாணவி கற்றுக்கொண்டார். எங்கள் ஆலையில் இதற்குப் பெயர் பரிசோதனை.’

லோவன் போனில் யாரிடமோ துணி விலை பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். வழக்கப்படி கையெழுத்தின் இடது ஓரம் மறைகிற மாதிரி முத்திரையை அழுத்தினாள். ஒரு வரி படிக்கவில்லை.

கல்லூரி இருக்கும் கான் தோ நகருக்குத் திரும்பியதும், ஆசிரியர் கியெம் அறிக்கையை வாங்கி மதிப்பெண் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். முத்திரைக்குப் பக்கத்தில், பத்துக்கு ஒன்பது.

“படிச்சீங்களா சார்?”

“முத்திரைதான் இருக்கே, அப்புறம் என்ன?”

இந்த மனிதரும் லோவன் மாதிரிதானா என்று துயெனுக்கு எரிச்சலாக இருந்தது. “கடைசிப் பக்கத்தப் படிங்க சார்.”

படித்தார். காது சிவந்தது. “என்னம்மா இது? கிழிச்சுட்டு வேற எழுதி வாங்கிட்டு வா.”

“ஆலை முத்திரை விழுந்தாச்சு சார். நீங்க போட்ட ஒன்பதும் பக்கத்துலயே இருக்கு.”

துயென் பிரிவுத் தேர்வுப் படிவத்தை எடுத்தாள். விற்பனைக்குப் போனால் அந்த இறாலைத்தான் விற்க வேண்டும்; பரிசோதனைக்குப் போனால் தாளில் உண்மையையாவது எழுதலாம். பரிசோதனை என்ற கட்டத்தில் குறியிட்டு அவர் முன்னால் வைத்தாள்.

“இதையாவது படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்,” என்றாள்.