பூங்கோதையின் கன்னத்தில் ஐந்து விரல்

ஹோலி விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கும் காலையில், பூங்கோதை எலுமிச்சம்பழத் தோலால் இடது கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் சிவப்பாக ஒரு கை பதிந்திருந்தது. ஐந்து விரலும் தெளிவாகத் தெரிந்தன. இரண்டு நாளாகச் சோப்பு, கடலைமாவு, தயிர் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. தேய்க்கத் தேய்க்கக் கன்னம்தான் பளபளத்தது. கை அப்படியே இருந்தது.

அது நீலாவதியின் கை. கல்லூரியில் பூங்கோதைக்குப் பக்கத்து இருக்கைக்காரி. ஹோலிக்குக் கடையில் வாங்கிய பொடி தீர்ந்துபோனதும் நீலாவதி, பூங்கோதை வீட்டுக் கொல்லையில் அடுப்பெரிக்க வைத்திருந்த மரத்தூள் மூட்டையைப் பார்த்துவிட்டாள். படாக் மரத்தூள், இரத்தச் சிவப்பு. அதைத் தேங்காயெண்ணெயில் குழைத்து முதல் பூச்சைத் தோழியின் கன்னத்திலேயே அப்பினாள்.

மூட்டையைச் சாத்தம் மரமில்லிலிருந்து கொண்டுவந்தவர் பூங்கோதையின் அப்பா தங்கையா. அங்கே அவர் மரம் அறுக்கும் மிஸ்திரி. 'ஹோலி கீலி என்று தெருவில் ஆடக் கூடாது' என்று மகளிடம் சொல்லிவிட்டுத்தான் அன்று வேலைக்குப் போயிருந்தார்.

"சொன்ன பேச்சுக் கேக்காத பொண்ணுக்குக் காலேஜ் எதுக்கு?" என்றார் இப்போது, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. "கெளம்பு. டி.சி. வாங்கிட்டு வந்துடலாம்."

"தூளைக் கொண்டாந்தது யாரு?" என்று அடுக்களையிலிருந்து கேட்டாள் அம்மா செல்லம்.

"அடுப்புக்குக் கொண்டாந்தேன்டி. இவ கன்னத்துக்கா கொண்டாந்தேன்?"

பூங்கோதை அழுது பார்த்தாள். பலிக்கவில்லை. அப்பா மகளைக் கைநீட்டி அடித்தவரே இல்லை. கத்தினால் மறுநிமிடம் அவரே தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். ஆனால் ஒன்று முடிவு செய்துவிட்டால் அவரிடம் பேச்சே கிடையாது. அந்தக் கல்லூரி தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. டெய்ரி ஃபார்ம் பகுதியில் அவர்கள் வரிசை வீடுகளிலிருந்து அங்கே போகிற ஒரே பெண் அவள்தான். இன்றோடு அதுவும் இல்லை.

பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் டிக்கெட் கிழிக்காமல் அவள் கன்னத்தையே பார்த்தார். பிறகு தங்கையாவின் கைகளைப் பார்த்தார். ஈரப் படாக் மரத்தைப் புரட்டிப் புரட்டி அந்தக் கைகள் மணிக்கட்டு வரை சிவந்து கிடந்தன.

"அரே தங்கையா பாய்! பெத்த பேட்டி மேல இவ்வளவு குஸ்ஸாவா, கோபமா? வயசுப் பொண்ணை இப்படியா அறையறது?"

"அறையா? இல்ல பாய், இது ஹோலி..."

"ஆமா ஆமா, ஹோலி," என்று கண்டக்டர் டிக்கெட்டை நீட்டினார். அந்த 'ஆமா'வில் ஒரு துளி நம்பிக்கை இல்லை.

முன் இருக்கையில் ஷாதிபூர் பொன்னம்மா உட்கார்ந்திருந்தாள். தங்கையாவுக்குத் தூரத்துத் தங்கை முறை. திரும்பிப் பார்த்தவள் வாயில் கை வைத்தாள். "அடப்பாவி அண்ணே! தோலு உரியாதது ஒண்ணுதான் பாக்கி. அண்ணி எப்படிப் பார்த்துட்டு இருந்தாங்க?"

"தங்கச்சி, சத்தியமா நான் தொடலை!"

"கையைப் பின்னால ஒளிக்காதீங்க. பார்த்துட்டேன்."

தங்கையா கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். பஸ் வளைவில் திரும்பியபோது கம்பியைப் பிடிக்க முடியாமல் ஒரு மலையாளத்துக்காரர் மடியில் போய் விழுந்தார். அந்த மனிதரும் தூக்கிவிட்ட பிறகு கன்னத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், "கஷ்டம்" என்றார்.

பூங்கோதை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

கல்லூரியில் துணை முதல்வர் சந்திரமதி அம்மாள் அறையில் தனியாக இருந்தார். சிரிப்பறியாத, கண்டிப்பான முகம். தங்கையா கைகளைக் கட்டி அக்குளில் ஒளித்துக்கொண்டு, "டி.சி. வேணும் மேடம்" என்றார்.

அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பூங்கோதையைப் பார்த்தார். "கையைக் காட்டுங்க."

"மேடம், இது மில்லு..."

"காட்டுங்க."

காட்டினார்.

"இவ்வளவு பெரிய கையால அடிச்சதும் இல்லாம, படிப்பையும் நிறுத்தப் போறீங்களா? இதை நான் சும்மா விடறதா இல்லை. முதல்வர்கிட்டச் சொல்லுவேன், உங்க மில் மேனேஜருக்கும் சொல்லுவேன்."

"ஐயோ மேடம், ஹோலி! பிள்ளைங்க பூசி விளையாடினதுங்க!"

"உங்க பொண்ணை விளையாட விட்டீங்களா?"

'விடவில்லை' என்றால் தங்கையா அடித்தவராகிவிடுவார்.

"விட்டேன் மேடம். ஏன் விடாம? நான்தான்... போய் நல்லா விளையாடுன்னு சொன்னேன். தூள்கூட நான்தான் கொண்டாந்தேன்!"

"அப்போ டி.சி. எதுக்கு?"

தங்கையா கைகளை மறுபடி அக்குளில் செருகிக்கொண்டார். அம்மாள் பூங்கோதை பக்கம் திரும்பினார். "நீ பயப்படாமச் சொல்லும்மா. அப்பா அடிச்சாரா?"

தங்கையா மகளைப் பார்த்தார். மில்லில் மரம் நழுவி வரும்போது பக்கத்து ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பூங்கோதை அவசரப்படவில்லை. தாவணி முனையைச் சரிசெய்தாள். கூரையைப் பார்த்தாள்.

"அப்பா என்னை அடிக்கவே மாட்டார் மேடம்," என்றாள். பிறகு மெதுவாக, "காலேஜை விட்டு நிறுத்தவும் மாட்டார். இல்லப்பா?"

அம்மாளின் கண்ணாடி தங்கையா பக்கம் திரும்பியது.

"சேச்சே," என்றார் தங்கையா. "நிறுத்துறதா? யாரு சொன்னா? லீவு முடிஞ்சு முதல் நாளாச்சே, கொண்டுவந்து விட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"டி.சி.ன்னு கேட்டீங்களே?"

"வாய் தவறிடுச்சு மேடம்."

வெளியே மணி அடித்தது. பூங்கோதை அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் வகுப்பை நோக்கி ஓடினாள். பார்த்தால் சிரித்துவிடுவாள், சிரித்தால் எல்லாம் கெட்டுவிடும். தாழ்வாரம் பாதி கடந்திருப்பாள், பின்னால் அப்பாவின் குரல் கேட்டது.

"ஏய் கோதை! சாப்பாட்டுக்கு என்னடி பண்ணுவே? வீட்டுலேர்ந்து ஒண்ணும் கட்டிட்டு வரலையே!"