அமைதி அறை

மாடிப்படிக்கு அடியில் மேசை போட்டு இஸ்திரி போடுகிறவளுக்கு மழை என்றாலே ஆகாது. போன வருஷம் சாரலில் வெள்ளைச் சட்டைகள் சேறாகி, இரண்டு வீட்டு வாடிக்கை போய்விட்டது. அதனால்தான் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், சும்மா கிடக்கும் இடத்தில் ஒரு மூலையைக் கேட்டாள். வீட்டுக்கார அம்மாள் தலையாட்டினார். அவருடைய மாப்பிள்ளை குறுக்கே விழுந்தார்.

மாப்பிள்ளைக்கு வேலை கிடையாது, யோசனைகள் உண்டு. ஏற்கெனவே அங்கே காளான் வளர்த்தார். காளானைத் தவிர மற்ற பூஞ்சையெல்லாம் வளர்ந்தது. இந்த முறை ‘அமைதி அறை’.

“மனுஷனுக்கு இன்னைக்கு அமைதிதான் இல்ல. மணிக்கணக்குல வாடகை குடுத்து உக்காருவான் பாரு.”

“சார், தலைக்கு மேல எட்டு வீட்டுக் குழாயும் ஓடுது. படிக்கு பெயின்ட் அடிச்சப்ப ரெண்டு வாரம் அங்கதான் வேல பாத்தேன்...”

“உனக்கு இஸ்திரிப் பெட்டி தெரியும். அதோட நிறுத்திக்க.”

நிறுத்திக்கொண்டாள். இந்த மகாராஜா சொன்னால் குழாய்கூட வாயைப் பொத்திக்கொள்ளும் போல.

குழாய்களை மறைத்துப் பிளைவுட் அடித்தார்கள். அதற்கு வான நீலத்தில் பெயின்ட். சுவரில் ‘பேசாதீர்கள்’ என்று ஓர் அட்டை. திறப்பு நாள் காலை, திரைச்சீலைகளை இஸ்திரி போட்டு எடுத்து வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

உள்ளே வீட்டுக்கார அம்மாளும் குடியிருப்புக்காரர்களும் உட்கார்ந்து கண்ணை மூடினார்கள். அமைதி வந்தது. ஒரு நிமிஷம் இருந்தது. பிறகு நீல வானத்துக்கு மேலே, யார் வீட்டுக் கழிப்பறைத் தண்ணீரோ இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடதடவென்று ஓடியது. யாரோ சிரிப்பை இருமலாக்கினார்.

வீட்டுக்கார அம்மாள் வாசல் பக்கம் திரும்பினார். “யாரு வீடு அது?”

“உங்க பொண்ணு வீடுதாங்கம்மா. பத்தரைன்னா தவறாது.”

இருமல் மறுபடி சிரிப்பாகிவிட்டது.

“பாட்டு போட்டுட்டா கேக்காது அத்தை,” என்றார் மாப்பிள்ளை.

“பாட்டு கேக்க எனக்கு வீடு இருக்கு மாப்ள.” அம்மாள் எழுந்து, இஸ்திரிக்காரியைப் பார்த்தார். “உனக்கு இந்தச் சத்தம் பரவாயில்லையா?”

“சட்டைக்குக் காது கிடையாதுங்களே.”

சாவி அன்றைக்கே கைக்கு வந்தது.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் நனைந்த குடையோடு மாப்பிள்ளை தன் சட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். காய்ந்த தரையையும் வரிசையாகத் தொங்கிய வெள்ளைச் சட்டைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

“இந்த இடத்துல ஒண்ணு பண்ணலாம்...”

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சுவரில் இன்னும் தொங்கிய அட்டையைக் கைகாட்டிவிட்டு, அவர் சட்டையின் காலரை விரித்தாள்.