சாப்பாட்டு நேரத்துப் படபடப்பு

அந்தக் கடையில் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஜட்ஜம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மின்சாமான் கடையின் கடைசி மூலையில், புகார் கவுண்டருக்குப் பின்னால் அவள் உட்கார்ந்து பதினைந்து வருஷம் இருக்கும். பற்ற வைத்தாலும் பற்றாத அடுப்பு, பற்ற வைக்காமலே எரிகிற இஸ்திரிப் பெட்டி, காற்றைத் தவிர மற்றெல்லாம் தருகிற மின்விசிறி என்று எது திரும்பி வந்தாலும், அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவரின் கோபமும் கூடவே வரும். வரட்டுமே! மேசையைத் தட்டினால் அவளும் தட்டுவாள். "பெட்டிய தண்ணியில முக்கினீங்களா இல்லையா? அதை மொதல்ல சொல்லுங்க சார்" என்று அவள் ஆரம்பித்தால், கடையைக் கொளுத்த வந்தவர்கூடக் கால் மணி நேரத்தில் தன் பெண்ணின் கல்யாணக் கதையைச் சொல்லிவிட்டுப் போவார்.

இப்படி வாங்கிக் கட்டிக்கொள்ளும் ஊழியர்கள் சீக்கிரம் நொந்துபோகிறார்கள் என்று மேனேஜர் எங்கோ ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்தார். மறுவாரமே எல்லார் கையிலும் ஒரு பட்டை, எல்லார் போனிலும் ஓர் ஆப். நெஞ்சு வேகமாக அடித்தால் பட்டை போனுக்குச் சொல்லிவிடும். உடனே போனிலிருந்து ஒரு பெண் தேன் குரலில் பேசுவாள்: "நீங்கள் படபடப்பாக இருக்கிறீர்கள். உங்களை வருத்தும் இடத்திலிருந்து சற்று விலகி அமருங்கள். மூச்சை மெல்ல உள்ளே இழுங்கள்..." மேனேஜர் அந்தப் பக்கம் நடந்தாலே பில் போடும் பெண்ணின் போன் பேசத் தொடங்கிவிடும். ஜட்ஜம்மாவின் போன் மட்டும் கடைக்குள் வாயே திறக்கவில்லை.

அது முதன்முதலில் பேசியது வீட்டில், இரவுச் சாப்பாட்டின்போது.

அவள் கணவர் இரும்புக் கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவர். பட்டறையை மூடிய பிறகு சுவரைப் பார்த்து ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர்தான். டீவி கிடையாது, பேப்பர் கிடையாது, கேட்டதற்குப் பதில் கிடையாது. கல்லுப் பிள்ளையார் மாதிரி இருக்கிறாரே மனுஷன் என்று அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள். ஒருநாள் வேலை முடிந்து வந்தால் நாற்காலி காலி. மனுஷன் அடுப்படியில் நின்று கேரட் நறுக்கிக்கொண்டிருந்தார். கடைசல் எந்திரத்தில் கொடுத்து வாங்கியது போல ஒவ்வொரு துண்டும் ஒரே அளவு. வாயில் ஏதோ ஒரு பாட்டு வேறு. அன்றைக்கு முதல் வாய் வைத்ததுமே அவளுக்குப் புரை ஏறியது. கண்ணீர் வந்தது. "பிரமாதம்ங்க" என்றாள். அன்று தொடங்கிய பொய் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஊரையே வாயால் மடக்குகிறவளுக்கு வீட்டில் ஒரு குறை சொல்ல நா எழவில்லை. சொன்னால் மறுபடி அந்த நாற்காலிக்குப் போய்விடுவாரோ என்ற பயம். அவருக்கோ ருசி ஒரு பொருட்டே இல்லை, வைக்கோலைப் போட்டாலும் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகிற ஆள்.

அந்த இரவு அவள் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் போன் பேசியபோது அவர் உருகிவிட்டார். "பாவம், நாள் முழுக்கக் கண்டவன்கிட்டயும் பேச்சு வாங்குற. அதான் வீட்டுக்கு வந்ததும் வெடிக்குது" என்றார். அவளும் ஆமாம் போட்டு வைத்தாள், வேறென்ன செய்ய? அவ்வளவுதான், பிடித்தது சனி! படபடப்பைக் குறைக்கும் உணவுகள் என்று ஏதேதோ வீடியோ பார்க்க ஆரம்பித்தார். முதலில் உப்பு வீட்டை விட்டுப் போனது. பிறகு எல்லாவற்றிலும் வெந்தயப் பொடி விழுந்தது. அதற்கும் மேலே பூசணி விதை. சாப்பாடு கசக்கக் கசக்க போன் கத்தியது, போன் கத்தக் கத்த அவர் இன்னும் ஒரு கரண்டி வெந்தயம் போட்டார். பட்டையைக் கழற்றி அலமாரிக்குள் ஒளித்தும் பார்த்தாள். "ஒடம்பு விஷயத்துல வெளையாடாத" என்று அவரே தேடி எடுத்துக் கையில் மாட்டிவிட்டார்.

இன்று மத்தியானம் டிபன் பாக்ஸோடு கடைக்கே வந்துவிட்டார். "எவன் ஒன்னை அந்தப் பாடு படுத்துறான்னு நேர்லயே பாத்துடறேன்" என்று கவுண்டருக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து ஒருவர் ஹீட்டரை மேசைமேல் டொம்மென்று போட்டு, கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். ஜட்ஜம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள். வாதம் ஏற ஏற அவள் முகம் பளபளத்தது. கணவரோ மேசைமேல் கிடந்த அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது கம்மென்று கிடந்தது.

"இதெல்லாம் அக்காவுக்குத் தண்ணி பட்ட பாடு, அண்ணா" என்றாள் பில் போடும் பெண்.

ஹீட்டர்காரர் சிரித்தபடி போனதும் கணவர் டிபன் பாக்ஸைத் திறந்து, "மொதல்ல ஒரு வாய் சாப்புடு" என்று நீட்டினார். வெந்தய வாசனை எழும்பியது. "நீங்கள் படபடப்பாக இருக்கிறீர்கள்" என்றது போன். "உங்களை வருத்தும் இடத்திலிருந்து சற்று விலகி அமருங்கள்."

பில் போடும் பெண் களுக்கென்று சிரித்தாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அவர் பாக்ஸைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். மூடியைப் போட்டுக் கொக்கிகளை ஒவ்வொன்றாக அழுத்திவிட்டு எழுந்து போனார்.

போச்சு, எல்லாம் போச்சு! மறுபடி பேசத் தொடங்கிய போனை அவள் மேசை டிராயருக்குள் தள்ளி மூடினாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அந்த நாற்காலியில்தான் இருப்பார். இனி எழுந்திருக்கவே மாட்டார். ஓடிப்போய்க் கையைப் பிடிக்கலாமென்றால் எதிரே வரிசை நிற்கிறது. அடுத்து வந்தவர் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை, சண்டை போடாமலே பொருளை மாற்றிக் கொடுத்து அனுப்பினாள். தலை நிமிர்ந்தபோது வரிசையில் அடுத்த ஆளாக அவர் நின்றார். டிபன் பாக்ஸை மேசைமேல் வைத்தார்.

"சொல்லுங்க" என்று பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது.

"ரொம்ப நாளா ஓடுதுங்க. இதுவரைக்கும் ஒரு கம்ப்ளைன்ட்கூட வரலை. அதான் சந்தேகமா இருக்கு. என்ன கோளாறுன்னு பாத்துச் சொல்லுங்க." கல்யாணமான நாள் முதல் அவளிடம் அவர் 'ங்க' போட்டதில்லை.

"நல்லாத்தாங்க இருக்கு..."

"எல்லாரையும் இப்படிச் சொல்லித்தான் அனுப்புவீங்களா?"

அவள் பாக்ஸைத் திறந்து ஒரு வாய் போட்டு மென்றாள். விழுங்க முடியாமல் விழுங்கினாள். "உப்பு எங்கங்க?"

"உப்பு போட்டா பிரஷர்..."

"எனக்குப் பிரஷர்னு எவன் சொன்னான்? கோழில யாராவது வெந்தயத்தக் கொட்டுவாங்களா?"

"வீடியோல சொன்னான்."

"அப்ப அந்த வீடியோக்காரனையே வந்து திங்கச் சொல்லுங்க!" கவுண்டர்க் குரல் தானாக வந்துவிட்டது. வந்ததும் பயந்துபோய் அவர் முகத்தைப் பார்த்தாள். "ஆனா நறுக்குறது... எனக்குக்கூட அப்படி வராதுங்க."

"அது எனக்கே தெரியும்" என்றார் வெடுக்கென்று. பிறகு குரலைத் தாழ்த்தி, "மொத நாள்லேர்ந்தேவா?" என்று கேட்டார்.

"மொத நாள்லேர்ந்தேதான்."

"ஏன் சொல்லல?"

"மறுபடியும் செவுத்தப் பாத்து உக்காந்துருவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

அவர் மூடியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னால் நின்ற ஆள், "சார், கொஞ்சம் சீக்கிரம்" என்றார். "இருங்க சார், எனக்கு இன்னும் முடியல" என்று கணவர் திரும்பி அந்த ஆளை ஓர் அதட்டு அதட்டிவிட்டு, அவளிடம், "எப்ப சரி பண்ணித் தரணும்?" என்றார்.

"ராத்திரிக்குள்ள." அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அவர் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த ஆள் மேசைமேல் எதையோ வைத்துவிட்டுக் கத்தத் தொடங்கினார். ஜட்ஜம்மா கண்ணாடிக் கதவு வழியே வெளியே பார்த்தாள். சாலைக்கு அந்தப் பக்கம் காய்கறி வண்டிக்காரியிடம் அவர் பாக்ஸைத் திறந்து நீட்டிக்கொண்டிருந்தார். வண்டிக்காரி விரலால் தொட்டு நாக்கில் வைத்து முகத்தை அஷ்டகோணலாக்கினாள். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக மடக்கி என்னென்னவோ சொல்ல ஆரம்பித்தாள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவர் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.