புளியடியார் குடி

கலந்தர் போடியாருக்கு நாவிதன்வெளியில் நூறு ஏக்கர் வயல் இருந்தது, வாசலில் ஒரு புளியமரம் இருந்தது, பரம்பரைப் பெயர் மட்டும் இல்லை. எங்கள் கரைப்பக்கத்தில் யாருக்கும் அது இல்லை. குடி என்று ஒன்று உண்டு; அது உம்மா வழியாக வருவது. வாப்பா எவ்வளவு பெரிய போடியாராக இருந்தாலும் பிள்ளைகள் உம்மாவின் குடிதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் போடியார் கொழும்புக்குப் போனார். ஒரே குடும்பப் பெயரில் ஒரு டாக்டர், ஒரு பிரக்கிராசி வக்கீல், ஒரு தெரு, ஒரு கடை, ஆஸ்பத்திரியில் ஒரு வார்ட்டு எல்லாம் இருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். நான்காம் நாள் வாசல் மரத்தை அண்ணாந்து பார்த்து, "இனி நாம புளியடியார்" என்றார்.

ஆறு மாதத்தில் புளியடியார் அரிசி மில், புளியடியார் வாசிகசாலை, புளியடியார் உதைபந்தாட்டக் கழகம், புளியடியார் ஆங்கிலப் பாடசாலை என்று ஊரில் பலகைகள் ஏறின. நிறுவனம் இருந்தால் போதுமா, பிரமுகர்கள் வேண்டாமா? உதைபந்துக் கப்டன் புளியடியார் ஆனான். மில் இயந்திரம் ஓட்டும் பெனடிக், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கத்தோலிக்கர், பெனடிக் புளியடியார் ஆனார். பாலமுனையிலிருந்து படிப்பிக்க வந்த எனக்கு நியமனக் கடிதத்திலேயே பெயர் மாறியிருந்தது: உதுமாலெவ்வை புளியடியார். வேலை தேடி வந்தவன் பெயருக்காகவா சண்டை பிடிப்பான்? கையெழுத்துப் போட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பள்ளிவாசல் கந்தூரி விருந்தில் சோற்றைக் குடிவாரியாகத்தான் பங்கு வைப்பார்கள். ஐம்பத்தைந்தில் போடியார் கந்தூரிக்கு இரண்டு மாடு கொடுத்துவிட்டு, புளியடியார் குடி என்று தனியாக ஒரு பங்கு கேட்டார். பள்ளிவாசல் தலைமை நிர்வாகி ஆதம்பாவா மரைக்கார் மாடுகளைப் பார்த்தார், கொப்பியில் எழுதிக்கொண்டார். போடியார் தன் மகள் சுபைறாவையும் உம்மாவின் குடியை விட்டு அந்தக் குடியிலேயே எழுதுவித்தார். அவர் மனைவி ஸுல்பிகா ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை. கப்டனும் பெனடிக்கும் நானும் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டோம். இறைச்சி நன்றாக வெந்திருந்தது.

அடுத்த வருடம் போடியார் சுபைறாவை எனக்குக் கலியாணம் பேசினார். அவளை நான் ஒரே ஒரு தடவை கிடுகு வேலிக்கு மேலால் பார்த்திருந்தேன். புளியம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "மாஸ்டர், வகுப்பு அந்தப் பக்கம்" என்றாள். அன்றிலிருந்து வகுப்பு எந்தப் பக்கம் என்பது எனக்கு நினைவில் நிற்கவேயில்லை. அவள் இல்லாவிட்டால் பாலமுனைக்கே திரும்பிவிடுவது என்றிருந்தேன்.

பள்ளிவாசலில் சம்மதம் கேட்கப் போனோம். ஆதம்பாவா மரைக்கார் கொப்பியை விரித்தார்.

"ஒரே குடிக்குள்ள கலியாணம் நம்மட ஊரில இல்ல போடியார். ரெண்டு பேரும் சகோதரம்."

"இவரு பாலமுனைப் பொடியன் மரைக்கார். என்ன சகோதரம்?"

"புளியடியார் குடிச் சோறு திண்டவரு. நீங்கதான் எழுதச் சொன்னீங்க."

"அப்ப இவர வெட்டி உடுங்க."

"குடியில இருந்து மனிசர வெட்டுற வழக்கம் இல்ல. அப்பிடி ஒரு குடியே இல்லையெண்டு வெள்ளிக்கிழமை சபையில நீங்க சொல்லணும். சொன்னா கலியாணம்."

போடியார் எழுந்து வந்துவிட்டார். அந்தக் கிழமை முழுக்க புளியமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். மகளா, பெயரா என்று அவர் எடை போட்டுக்கொண்டிருந்த தராசில் என் உயிரும் கிடந்தது. பேசாமல் அந்தச் சோற்றைச் சாப்பிடாமல் இருந்திருக்கலாம் என்று நான் அழாத குறை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சபை கூடியது. போடியார் எழவில்லை. வாசலில் நின்ற பெனடிக்தான் தொண்டையைச் செருமினார்.

"மரைக்கார், நானும் அந்தச் சோத்தத் திண்டன். அப்ப நானும் குடிதானே? பள்ளிவாசல் வேலைக்கு என்னய ஒருத்தரும் கூப்பிடல்லியே."

சபை சிரித்தது. மரைக்காரும் கொப்பியால் வாயை மூடிக்கொண்டார். போடியார் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக எழுந்தார்.

"அது குடி இல்ல. பலகையில எழுதின பேரு. அவ்வளவுதான்."

குரல் உடைந்துவிட்டது. எனக்குப் பெண் கிடைத்த நேரம் அதுதான். சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

பலகைகள் எல்லாம் இறங்கின. நல்ல தேக்கு. ஸுல்பிகா மாமி அவற்றைக் கொத்தி, எங்கள் கலியாணச் சோற்றை அந்த விறகிலேயே ஆக்கினார். ஒரு துண்டும் மிச்சம் வைக்கவில்லை.

கலியாணம் முடிந்த மறு கிழமை, பெனடிக்கிடம் பழைய பெயருக்குத் திரும்பச் சொல்ல இப்போது மாமாவாகிவிட்ட போடியார் என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். பெனடிக் தலையைச் சொறிந்தார்.

"நான் திரும்பலாம் போடியார். மகனுக்குத்தான் வழியில்ல. ஞானஸ்நானம் குடுத்தாச்சி. செபஸ்தியான் புளியடியார் எண்டு பாதர் கோயில் புத்தகத்தில எழுதிப்போட்டாரு. இனி வெட்ட ஏலாதாம்."

மாமா வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தார்.

"புள்ள எங்க?"

பெனடிக்கின் மனைவி செசிலி குழந்தையைக் கொண்டுவந்தாள். மாமா விரலை நீட்டினார். அவன் பிடித்துக்கொண்டான், விடவில்லை.

"மருமகன்" என்றார் மாமா, குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்காமல். "இவருக்கு ஒரு தொட்டில் செய்யணும். நம்மட புளியில நல்ல கொப்பாப் பாத்து வெட்டச் சொல்லுங்க."