இறந்தகாலத்தில் எழுதுக

பதினேழாம் எண் தாளுக்கு இருபதுக்குப் பதின்மூன்று போட்டவள் நான்தான். இன்னும் இரண்டு போட்டிருந்தால் அவள் இந்நேரம் கடல் தாண்டியிருப்பாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது, நானே அப்படிப் பேசினால் இன்னும் பிடிக்காது.

எங்கள் வட்டாரத்தில் பிரெஞ்சு கற்பிக்கிறவர்கள் மொத்தம் நாற்பத்தொரு பேர். பள்ளிக்கு ஒருவர்தான். கணக்கு ஆசிரியருக்கு அலுத்துக்கொள்ள இன்னொரு கணக்கு ஆசிரியர் கிடைப்பார். எங்களுக்கு ஆள் கிடையாது. அதனால்தான் சங்கம். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில், முதுகு சாய்க்க முடியாத உயர ஸ்டூல்களில் உட்கார்ந்து கூடுவோம். மாணவர்களுக்குப் பாட்டுப் போட்டி, பழைய பாடப்புத்தகப் பரிமாற்றம், எங்களுக்குள் பேச்சுப் பயிற்சி. தலைவருக்கு ‘போட்டோ’ என்று பெயர். கேமரா வராமல் கூட்டத்தைத் தொடங்கமாட்டார். செயலாளர் நான். எனக்கு வைத்த பெயர் ‘சிவப்பு மை’. அது என் காதில் விழாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

‘வாய்ப்புகள்’ என்று ஒரு பக்கத் தாள் ஒன்றை மாதாமாதம் நான்தான் தயாரிப்பேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் வருடத்துக்கு ஒரு முறை உண்மையான வாய்ப்பு வரும்: அந்த மொழி பேசும் நாட்டில் நான்கு வாரப் பயிற்சி, விமானச் சீட்டோடு. அங்கே நன்றாகச் செய்தால் ஒரு பள்ளியில் உதவி ஆசிரியராக ஒரு வருடம் தங்கிக்கொள்ளலாம். ஒரே ஓர் இடம். அதற்குக் கூட்டத்திலேயே ஒரு கடிதம் எழுத வேண்டும். தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்.

இந்த வருடத் தலைப்பை நான்தான் கொடுத்தேன்: ‘என்னால் மறக்க முடியாத ஒரு நாள். இறந்தகாலத்தில் எழுதுக.’

பதினேழாம் தாள் முழுக்க நிகழ்காலத்தில் இருந்தது.

‘ஞாயிற்றுக்கிழமை. அவர் கதவைப் பூட்டுகிறார். என் தோளைப் பிடித்துச் சுவரில் மோதுகிறார். பிறகு அவரே மருந்து போடுகிறார். மிக அழகாகக் கட்டுப் போடுகிறார். நான் உயிரோடு இருக்கிறேன். யாரிடமும் சொல்வதில்லை. இதைப் படிக்கும் உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.’

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிழை பார்த்தேன். வினைச்சொற்கள் ஒவ்வொன்றையும் அடித்து மேலே இறந்தகாலத்தைச் சிவப்பில் எழுதினேன். ‘உயிரோடு இருக்கிறேன்’ என்பதை ‘இருந்தேன்’ ஆக்கினேன். கடைசி வாக்கியத்தைக் கோடு போட்டு அடித்து, ஓரத்தில் ‘தலைப்புக்குத் தேவையில்லை’ என்று எழுதினேன். கீழே, ‘கற்பனை நன்று. ஏன் நிகழ்காலம்?’ என்று ஒரு கேள்வியும் கேட்டேன். கேட்டேனே தவிர, பதில் என்னவாக இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்தேனா? இல்லை. அடுத்த தாளை எடுத்தேன். பதினெட்டாம் தாள்காரி முதன்முதலாகக் கடலைப் பார்த்த நாளை எழுதியிருந்தாள். காலம் சுத்தமாக இருந்தது. பதினான்கு போட்டேன். அவள்தான் போனாள்.

முடிவைத் தபாலில் அனுப்பினோம். "பிரெஞ்சுல அனுப்பினா வீட்ல இருக்கறவங்களுக்குப் புரியாது, நம்ம மொழியிலயே அனுப்புங்க, அதுதான் மரியாதை" என்றார் போட்டோ. நானும் தலையாட்டினேன். ‘நான்கு வார வெளிநாட்டுப் பயிற்சிக்கு விண்ணப்பித்த தாங்கள் பதின்மூன்று மதிப்பெண் பெற்றுள்ளீர்கள். தேர்வாகவில்லை என்பதை வருத்தத்துடன்…’ உறுப்பினர் பட்டியலைப் பார்த்து எல்லா உறைகளின் மேலும் வீட்டு முகவரியைத் தெளிவாக, அழகாக எழுதினேன். எந்த எண் யாருடையது என்று பார்த்துக் கடிதத்தை உள்ளே வைத்தவர் போட்டோ.

திருத்திய தாளைப் பார்த்து ஒரு நல்ல பிரதி எழுதித் தருவது எங்கள் சங்க வழக்கம். ஆண்டு மலரில் போடுவதற்காக. அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கடைசியாக வந்தவள் ‘கடைசி பெஞ்சு’.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வயதிருக்கும். கதவோரம் இருக்கும் கடைசி மேசையில்தான் உட்காருவாள், அதனால் அந்தப் பெயர். சரியாக நாலு மணிக்குக் கீழே இரண்டு முறை ஹார்ன் அடிக்கும். பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போவாள். அவள் கணவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார்.

"ஒரு நிமிஷம் முன்னப் பின்ன ஆகறதில்ல பாருங்க. கட்டினவன்னா இப்படி இருக்கணும்" என்பார் போட்டோ. நாங்கள் எல்லோரும் சிரிப்போம். இரண்டு பேர் பெருமூச்சு விடுவார்கள்.

அன்றைக்கு அவள் நீட்டிய தாளில் எழுத்துகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடந்தன.

"என்னம்மா இது, கோழி கிளறின மாதிரி?"

"இடது கையால எழுதினேன்கா."

அப்போதுதான் வலது மணிக்கட்டைப் பார்த்தேன். வெள்ளைத் துணிக்கட்டு. ஒரு சுருக்கம் கிடையாது, பிசிறு கிடையாது.

"என்ன ஆச்சு?"

"படியில விழுந்துட்டேன்."

"பார்த்து நடக்கக் கூடாதா? கட்டு நல்லாப் போட்டிருக்காங்களே, எந்த ஆஸ்பத்திரி?"

அவள் என்னையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். கீழே ஹார்ன் அடித்தது.

அவள் போன பிறகு அந்தத் தாளைப் படிக்காமலே கோப்பில் சொருகினேன். பிழை திருத்தியாயிற்று, இனி அதில் எனக்கென்ன வேலை? இதை நினைக்கும்போதெல்லாம் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அதற்கு அடுத்த கூட்டத்துக்கு அவள் வரவில்லை. அவள் பள்ளியில் விசாரித்தேன், வேலையை விட்டுவிட்டாள் என்றார்கள். மலருக்குத் தட்டச்சு செய்வதற்காக ஒரு மாலை கோப்பைப் பிரித்தபோதுதான் பதினேழாம் தாளின் நல்ல பிரதியும் அதன் கீழே அவள் பெயரும் என் கண்ணில் பட்டன.

‘அவர் கதவைப் பூட்டினார். என் தோளைப் பிடித்துச் சுவரில் மோதினார். மிக அழகாகக் கட்டுப் போட்டார். நான் உயிரோடு இருந்தேன்.’

நான் திருத்தியது எதையும் அவள் விடவில்லை. அடித்த கடைசி வாக்கியத்தையும் சொன்னபடி எடுத்துவிட்டிருந்தாள். வலது கை எப்போது போயிற்று என்று நாள் எண்ணிப் பார்த்தேன். நான் முகவரி எழுதிய உறை அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய வாரம்.

தொலைபேசியில் கூப்பிட்டேன். அவர்தான் எடுத்தார். "தூங்கறா மேடம்." மறுநாளும் தூங்கினாள். அதற்கு மறுநாளும்.

ஞாயிற்றுக்கிழமை காலை நேரே வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி. கதவைத் திறக்கும் முன் உள்ளே இரண்டு தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. சிரித்த முகம், இஸ்திரி போட்ட சட்டை. "வாங்க டீச்சர், வாங்க! உங்களப் பத்திப் பேசாத நாளே கிடையாது." இப்படி ஒரு மனிதரைத் தெருவில் பார்த்தால் நான் நம்பிப் பையைக் கொடுத்துவிட்டுப் போவேன்.

"சங்கத்துல வாய்மொழித் தேர்வு இருக்கு சார். பத்து நிமிஷம் பேசவெச்சுட்டுப் போயிடறேன்" என்றேன். எனக்கு வேறு பொய் தோன்றவில்லை.

"தாராளமா. நானும் கேக்கறேன். ஒண்ணும் புரியாது, ஆனா கேக்க நல்லா இருக்கும்ல?" என்று எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

அவள் வந்தாள். கட்டு இப்போது முழங்கைவரை ஏறியிருந்தது. மூன்று கப் தேநீரை ஒவ்வொன்றாக இடது கையால் கொண்டுவந்து வைத்தாள்.

போலீஸ் என்பதற்கு பிரெஞ்சிலும் போலீஸ்தான். ஆஸ்பத்திரியும் டாக்டரும்கூட அவர் காதுக்குத் தெரிந்துவிடும். முப்பது வருடம் கற்பித்த மொழியில் எந்தச் சொல்லை விடுவது என்று தேடித் தேடிப் பேசினேன். முகத்தில் பரீட்சைக்காரியின் சிரிப்பு. நாங்கள் பேசியது பாடப்புத்தகப் பிரெஞ்சு. அதை எழுத்துத் தமிழில்தான் சொல்ல முடியும்.

"நீங்கள் எழுதிய கடிதம் உண்மையா?"

"அதில் இப்போது பிழை ஒன்றும் இல்லை."

"சட்டத்தைக் காப்பவர்களை நான் அழைக்கலாமா?"

"பக்கத்து வீட்டார் அழைத்தார்கள். அவர்கள் வந்தார்கள். இதே நாற்காலியில் அமர்ந்து இவரோடு தேநீர் அருந்தினார்கள். அதன் பிறகு பக்கத்து வீட்டார் பேசுவதில்லை."

"ஏ, பொளந்து கட்றாளே!" என்று அவர் தொடையில் தட்டினார்.

கப்பைக் கீழே வைத்தேன். "என் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. இப்போதே என்னோடு எழுந்து வாருங்கள். உங்களுக்கு உதவி தேவை."

அவள் அவரைப் பார்க்கவில்லை. கதவை ஒருமுறை பார்த்தாள். பிறகு, வகுப்பில் ஒப்பிக்கிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"எனக்கு உதவி தேவையாக இருந்தது."

அந்த மொழியில் இறந்தகாலம் ஒன்றல்ல. ஒரேயடியாக முடிந்துபோனதற்கு ஒன்று, நெடுநாள் நீடித்ததற்கு ஒன்று. அவள் சொன்னது இரண்டாவது. அந்த வினைச்சொல் எப்போது முடிந்தது என்று சொல்லாது. முடிந்ததா என்றுகூடச் சொல்லாது. எத்தனை வகுப்புகளுக்கு இதை நடத்தியிருப்பேன்! அவள் எதிரில் உட்கார்ந்திருந்தும் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. இன்னொரு முறை கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"முடிஞ்சுதா டீச்சர்? எத்தனை மார்க்?" என்றார் அவர்.

"இருபதுக்கு இருபது."

"பார்றா! அப்புறம் போன தடவை ஏன் பதிமூணு? லெட்டர்ல பார்த்தேனே."

"நான் தப்பாத் திருத்திட்டேன் சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். இவ்வளவு பெரிய டீச்சர் தப்பை ஒத்துக்கொள்கிறாரே என்று அவளைப் பார்த்துச் சொன்னார். அவள் காலிக் கப்புகளை ஒவ்வொன்றாக இடது கையால் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மூன்று முறை வந்து போனாள். மூன்று முறையும் என் பக்கம் பார்க்கவில்லை.

வெளியே வந்தேன். எனக்குப் பின்னால் இரண்டு தாழ்ப்பாளும் விழுந்தன. படியில் நின்று, அவள் சொன்ன வாக்கியத்தை நிகழ்காலத்துக்கு மாற்றிச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். பக்கத்து வீட்டுக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. நான் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டது.