கால்தடம் படாத மணல்

கிழக்கு வெளுக்கும் முன்பே கரையில் வேலை தொடங்கிவிடும். இரவெல்லாம் கடல் துப்பிய பாசி, அறுந்த வலைத்துண்டு, விருந்தாளிகள் மணலில் செருகிவிட்டுப் போன கண்ணாடிப் புட்டிகள், எல்லாவற்றையும் பெண்கள் இரும்பு வாரியால் இழுத்துக் குவிப்பார்கள். ஈரப்பாசி பிணக்கனம் கனக்கும். உள்ளங்கை வெடிப்பில் உப்பு இறங்கி எரியும். இதில் கூத்து என்னவென்றால், இந்த வேலையைப் பின்பக்கமாக நடந்துகொண்டேதான் செய்ய வேண்டும். தங்கள் காலடியைத் தாங்களே வாரி அழித்துக்கொண்டு, சூரியன் எழும்முன் வேலிக்குப் பின்னால் மறைந்துவிட வேண்டும். மாடத்தில் வந்து நின்று சோம்பல் முறிக்கும் விருந்தாளி, இந்த மணலில் மனித வாடையே பட்டதில்லை என்று நம்பினால்தான் ஹோட்டலுக்குப் பெருமையாம்.

இந்த வேலை பார்த்தே நெட்டைக்குத் தலை நரைத்துவிட்டது. உயரத்தைப் பார்த்து வைத்த பட்டப்பெயர் அது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். மேற்பார்வையாளரிடம் கெஞ்சிக் கூத்தாடித் தன் தங்கையையும் இங்கே சேர்த்துவிட்டவள் அவள்தான். அந்தத் தங்கையின் பாதம்தான் இந்த வாரம் நசுங்கியது.

முன்பெல்லாம் குப்பை அள்ள டிராக்டர் வரும். அதன் சத்தத்தில் தூக்கம் கெட்டதென்று விருந்தாளிகள் இணையத்தில் எழுதினார்கள். ஓசையே இல்லாத பேட்டரி வண்டி வந்தது. அதன் விளக்கு ஜன்னல் வழியே கண்ணைக் குத்துகிறது என்று இன்னொருவர் எழுதினார். விளக்கைப் போடக் கூடாதென்று உத்தரவு வந்தது. ஓசையில்லாத வண்டி, வெளிச்சமில்லாத கரை, பின்பக்கமாக நடக்கும் பெண்கள். யாரும் அடிபடாமல் இருந்திருந்தால்தான் அதிசயம். வண்டிச் சக்கரம் பாதத்தில் ஏறியதும் தங்கை போட்ட அலறலில் மாடத்தில் சில விளக்குகள் எரிந்தன. ஓடிவந்த மேற்பார்வையாளர் முதலில் அவள் வாயைத்தான் பொத்தினார்.

அன்றிலிருந்து நெட்டை வண்டிக்காரரின் முகத்தில் விழிக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்குத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்த மனிதரை, உள்ளே விடாமல் விரட்டிவிட்டாள். சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் தங்கை ஊன்றி நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வயிறு எரியாதா?

இந்த நேரம் பார்த்து மேனேஜர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். ஏசி அறையில், உட்காரச் சொல்லாமலே பேசினார். ஹோட்டலில் பணம் போட வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் வந்திருக்கிறார்கள்; விபத்து அவர்கள் காதுக்கு எட்டிவிட்டது; நாளைக் காலை மாடத்திலிருந்து கரையைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்கள்.

"ஆபரேஷன் செலவு எங்களோடது. நீ ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். வண்டிக்காரன் குடிச்சிருந்தான்னு."

"அவரு குடிக்கமாட்டாரு சார்."

"அது உனக்கெதுக்கு? அவனைத் தூக்கிட்டா விஷயம் முடிஞ்சுது."

"அன்னிக்கு விளக்கு எரிஞ்சிருந்தா என் தங்கச்சிக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."

மேனேஜர் சின்னப் பிள்ளைக்குப் பாடம் எடுப்பதுபோல் ஆரம்பித்தார். "இங்க வர்றவங்க அமைதியைத் தேடி வர்றாங்க. ஆள் நடமாட்டமே இல்லாத கரையைத் தேடி வர்றாங்க. அவங்க நாலு வார்த்தை நல்லா எழுதினாத்தான் அடுத்தவங்க வருவாங்க. கூட்டம் வந்தாத்தான் வெளிநாட்டுக்காரன் பணம் போடுவான். அப்புறம் ஊருக்கே வேலை."

"நாங்களும் ஊருல சேத்திதானே சார்?"

அவர் முகம் சுருங்கியது. சொன்னபடி சொல்லாவிட்டால் வாரி பிடிக்கிற கூட்டத்தையே மாற்றிவிட்டு வேறு ஆட்களை எடுப்பதாகச் சொல்லி, கதவைக் காட்டினார்.

நெட்டை நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். உண்மையைச் சொன்னால், ஆகட்டும் என்று சொல்லிவிடத்தான் அவள் மனம் அடித்துக்கொண்டது. கூடப் பிறந்தவளின் கால் இல்லையா? ஆனால் முழுக்கக் கேட்ட தங்கை, கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விளக்கை அணைக்கச் சொன்னது அவராக்கா?"

"உனக்கு ஆபரேஷன் வேணாமாடி?"

"வேணும். அதுக்காக அவரு வயித்துல அடிக்கணுமா? ஆபரேஷன் செலவு நமக்குச் சேரவேண்டியது. கேட்டு வாங்கு."

நெட்டைக்குச் சுருக்கென்றது. அங்கிருந்தே வண்டிக்காரரின் வீட்டுக்கு நடந்தாள். விளக்கு வேண்டுமென்று கேட்டு ஏச்சு வாங்கியதையும், வேலை போய்விடுமென்று பயந்து அப்புறம் வாயை மூடிக்கொண்டதையும் அவர் மறைக்காமல் சொன்னார். நெட்டை மட்டும் எந்த மேடையில் ஏறிப் பேசிவிட்டாள்? அவளும்தான் மூடிக்கொண்டிருந்தாள். பொழுது சாயும்போது எல்லாப் பெண்களும் தண்ணீர்க் குழாயடியில் கூடினார்கள். அடுப்பு எரியாமல் போனால் யார் கேட்பது என்று ஒருத்தி அழுதாள். இன்றைக்கு வண்டிக்காரர், நாளைக்கு நம்மில் ஒருத்தி என்று நெட்டை சொன்னாள். குடங்கள் நிரம்பி வழிய வழியப் பேசினார்கள்.

மறுநாள் கரையை எப்போதும்போலவே சுத்தமாக வாரினார்கள். வேலையில் குறை சொல்ல யாருக்கும் இடம் வைக்கவில்லை. வெளிச்சம் வந்ததும் மேற்பார்வையாளர் விசில் ஊதினார். ஒருத்தியும் வேலிக்குப் போகவில்லை. வாரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பளிங்குபோலக் கிடந்த மணலில் நேராக முன்பக்கமாக நடந்து, மாடத்துக்கு எதிரே வந்து நின்றார்கள். பின்னால் கால்தடம் தாறுமாறாகக் கிடந்தது. நெட்டைக்கு அதைப் பார்க்கச் சிரிப்பு வந்தது. பயமும் இருந்தது, பொய் சொல்வானேன்.

மாடத்தில் வெளிநாட்டுக்காரர்கள் கையில் கோப்பையோடு எட்டிப் பார்த்தார்கள். மேனேஜர் பளபளத்த ஷூவில் மணல் ஏற ஓடிவந்தார். பெண்களுக்கு நடுவே வண்டிக்காரரைக் கண்டதும் அவருக்கு ஆத்திரம் பொங்கியது.

"இவ தங்கச்சி காலை உடைச்சவனே நீதான். உனக்கு இங்க என்னடா வேலை?"

"ஆமாங்க. அதனாலதான் வந்தேன்."

மேனேஜர் குரலைத் தாழ்த்தி நெட்டையிடம் திரும்பினார். "தங்கச்சி நடக்கணுமா வேணாமா?"

"நடக்கணும் சார். ஆபரேஷன் இன்னிக்கே ஏற்பாடு பண்ணுங்க. வண்டிக்கு விளக்கு போடுங்க. பொய்யி மட்டும் எங்ககிட்ட கேக்காதீங்க."

"மெதுவாப் பேசு. விருந்தாளிங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும் சார்."

அவள் குரல் மாடம்வரை கேட்டது. ஒவ்வொரு ஜன்னலாகத் திரை விலகியது. அப்போது சமையற்கட்டின் பின்கதவு திறந்தது. பாத்திரம் தேய்க்கிறவர்கள், துணி வெளுக்கிறவர்கள், தோட்டக்காரர் என்று ஒவ்வொருவராக ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு மணலில் இறங்கி வந்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிட்டிருக்கவில்லை.

மேலே கேட்டுவிட்டுத்தான் எதையும் சொல்ல முடியும் என்றார் மேனேஜர்.

"கேட்டுட்டு வாங்க சார், காத்திருக்கோம்" என்றாள் நெட்டை. பிறகு பெண்கள் பக்கம் திரும்பினாள். "எவ்வளவு நேரமாகுமோ தெரியாது. உக்காருங்கடி."

எல்லோரும் உட்கார்ந்தார்கள். தோட்டக்காரர் உட்கார்ந்தார், வண்டிக்காரரும் உட்கார்ந்தார். அந்தப் பெரிய கரையில் மேனேஜர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.