திருப்பி அனுப்பாத மின்தூக்கி

அவள் கட்டிலுக்கு அடியில் விளக்குமாற்றை விட்டுத் துழாவினாள். தூசிதான் வந்தது. வலக்கால் செருப்பு கையில் இருந்தது. இடக்கால் செருப்பைக் காணவில்லை.

"அங்க அடக்கத்துக்கு எல்லாரும் காத்திட்டிருக்காங்க, நீ செருப்பு தேடிட்டிருக்க!" என்றாள் அம்மா. "என்னோடதைப் போட்டுட்டு வா."

செருப்பு எங்கே இருந்திருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். நேற்று மாலை ஆறு மணிக்கு அதை மின்தூக்கியின் கதவிடுக்கில் வைத்தவள் அவளேதான்.

அம்மாவும் அப்பாவும் பிரிந்து எட்டு ஆண்டுகள் ஆயின. பிள்ளைகள் இருவருக்கும் பதினெட்டு வயது நிறையும்வரை மாதந்தோறும் அப்பா பணம் தர வேண்டும் என்று நீதிமன்றத்தில் முடிவாயிற்று. "பணம் வரட்டும், முகம் வரக் கூடாது" என்று அம்மா சொல்லிவிட்டாள். தையற்காரியான அவள் சொல்லும் சொல் துணியை வெட்டியது போலத்தான், பிறகு ஒட்டாது. வங்கியில் போட்டுவிடலாமே என்று எழுத்தர் கேட்டதற்கு, "அதுல பிள்ளைங்க கை படாதே சார்" என்றாராம் அப்பா.

மின்தூக்கி பழுதுபார்ப்பது அவர் தொழில். அதிலேயே வழி கண்டார். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி ஆறு மணிக்குக் கீழ்த்தளத்தில் நின்று, பண உறையை மின்தூக்கியின் தரை நடுவே வைத்து, நான்காம் மாடிக்கு அனுப்புவார். கதவு திறக்கும். உறையை எடுத்துக்கொண்டு மகள் மின்தூக்கியின் வெறும் பெட்டியைக் கீழே அனுப்புவாள். பெட்டி திரும்பி வந்தால் பிள்ளைகள் பெற்றுக்கொண்டார்கள் என்று பொருள். அதன் பின்னரே அவர் கிளம்புவார்.

பிரிந்தபோது தம்பிக்கு மூன்று வயது. மின்தூக்கி மேலேறும் இரைச்சல் கேட்டாலே, "அப்பா வந்துருச்சு!" என்று கத்துவான். பதினொரு வயதாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

சென்ற மாதம் அவளுக்குப் பதினெட்டு நிறைந்தது. நேற்று வந்த உறை மெலிந்திருந்தது. உள்ளே தம்பியின் பங்கு மட்டுமே. சட்டப்படி சரிதான். ஆயினும் பதிவேட்டில் தன் பெயரை மட்டும் யாரோ கோடிட்டு அடித்துவிட்டது போலிருந்தது அவளுக்கு. அப்பா கீழேயே நிற்கட்டும் என்று இடக்கால் செருப்பைக் கழற்றி, கதவு மூடாதபடி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முக்கால் மணி நேரம் கழித்துப் படிக்கட்டில் கூச்சல் கேட்டது. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே அப்பா விழுந்து கிடந்தார். இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். அவள் ஓடிவந்தபோது மின்தூக்கியின் கதவு மூடியிருந்தது. பெட்டி எப்போதோ கீழ்த்தளத்துக்குப் போயிருந்தது.

அடக்கம் முடிந்து திரும்பியபோது கட்டடத்தின் காவலாளி எழுந்து நின்றார்.

"நேத்து லிஃப்ட்டு கீழ வரவே இல்லம்மா. ரிப்பேரா சார்னு கேட்டேன். கதவுல காதை வெச்சுக் கேட்டாரு. 'ரிப்பேர் இல்லப்பா, மேல யாரோ கதவைப் பிடிச்சிட்டிருக்காங்க'ன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் படியேறினாரு."

"யாரு பிடிச்சா?" என்றாள் அம்மா.

காவலாளி உதட்டைப் பிதுக்கினார். அவள் தன் காலில் கிடந்த அம்மாவின் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒரு விரலளவு பெரிது.

அப்பாவோடு வேலை பார்த்த மெக்கானிக் உடன் வந்திருந்தார். "லிஃப்ட்டு மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டிட்டேன் அண்ணி, சாவி எங்கிட்டதான் இருக்கு. நாளைக்குக் கம்பெனி ஆளு வந்து பாக்கிறவரைக்கும் நடராஜா சர்வீஸ்தான்."

"அண்ணின்னு கூப்பிடாதீங்க. அதெல்லாம் முடிஞ்சு எட்டு வருஷம் ஆச்சு."

"வாய் பழகிப்போச்சு அண்ணி."

"சித்தப்பா, உள்ள ஒரு செருப்பு கிடந்துச்சா?" என்று கேட்டாள் அவள்.

"செருப்பா? பூட்டறதுக்கு முன்னாடி பெருக்கினதே நான்தான். ஒண்ணும் இல்ல பாப்பா."

தம்பியோடு நால்வரும் படியேறினர். அந்த இடம் வந்தபோது அனைவரும் சுவரோரமாக ஒதுங்கி நடந்தனர்; அங்கே எதுவும் இல்லை.

வீட்டில் அம்மா தையல் இயந்திரத்தின் மேல் கையூன்றி நின்றாள். "சின்னவனுக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கு. போய்ச் சேந்த ஆளை எந்தக் கோர்ட்டுக்கு இழுக்கிறது?"

"அதைச் சொல்லத்தான் வந்தேன். பி.எஃப்., இன்சூரன்ஸ் ரெண்டுமே பிள்ளைங்க பேர்ல, ஆளுக்குச் சரிபாதி. போன வாரம் ஆபீஸ்ல கேட்டாங்க, பெரியவளுக்குத்தான் வயசாயிடுச்சே, பேரை எடுத்திடலாமான்னு. 'பதினெட்டுங்கிற கணக்குக் கோர்ட்டுக்குய்யா, எனக்கில்ல'ன்னுட்டாரு."

அம்மா இயந்திரத்தில் தொங்கிய நூலை இழுத்து அறுத்தாள். மீண்டும் அதையே ஊசியில் கோத்தாள்.

சுவர்க்கடிகாரம் ஆறு காட்டியது.

வாசலுக்கு வெளியே, சுவருக்குள்ளிருந்து, கம்பிவடம் இழுபடும் அந்த இரைச்சல் எழுந்தது.

"அப்பா வந்து..." தம்பியின் வாயை அம்மாவின் கை மூடியது.

மெக்கானிக் சட்டைப் பையைத் தடவினார். சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். எழவில்லை.

அவள் மட்டும் வெளியே போனாள். மின்தூக்கி நின்று, கதவு விலகியது. உள்ளே விளக்கு எரிந்தது. தரையின் நடுவே, எப்போதும் உறை இருக்கும் அதே இடத்தில், அவளுடைய இடக்கால் செருப்பு இருந்தது. துடைத்து வைத்தது போல், முனை அவர்கள் வீட்டை நோக்கியிருந்தது.

அவள் அம்மாவின் செருப்பைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொண்டாள். சரியாக இருந்தது. கையை மட்டும் உள்ளே நீட்டிக் கீழ்த்தளத்துக்கான பொத்தானை அழுத்தினாள்.

கதவு மூடியது. பெட்டி இறங்கும் ஒலியை அவள் எண்ணினாள். மூன்று. அதற்கும் இரண்டுக்கும் நடுவே அது சற்றுத் தயங்கியது, பிறகு இறங்கியது. கீழே கதவு திறந்தது.

அது மூடும் ஒலிக்காக அவள் நின்றுகொண்டேயிருந்தாள்.